அழ முடியாத பிள்ளை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழவே முடியாதபடி செய்யப்பட்ட பிள்ளையின் கதை இது. கூடவே, வலிக்கிறதா என்று கேட்டால் பேரன் பெயரைச் சொல்லும் பாட்டியின் கதையும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவன் இல்லை. சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். மயக்க மருந்தின் வரலாற்றை ஆர்வத்தில் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அறுவை சிகிச்சையின் அளவுகள், வழக்கங்கள், எச்சரிக்கைகள் எல்லாம் பெரும்பாலும் ஒரு நடுவயது உடம்பை மனதில் வைத்து உருவானவை. வலிக்கிறது, குமட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த உடம்பு அது. வயதின் இரண்டு முனைகளிலும் இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சொல்லாததால் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவ உலகம் நெடுநாள் நம்பியது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாலபாடம் உண்டு. சர்வரில் லாக் காலியாக இருந்தால் பிழையே இல்லை என்று சந்தோஷப்படக் கூடாது. லாக் எழுதுகிற புரோகிராமே நின்றுபோயிருக்கலாம்.

பயத்தில் தொடங்கியது

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, ஜான் காலின்ஸ் வாரன் அறுவை செய்தார். நவீன மயக்க மருந்தின் வரலாறு இங்கிருந்துதான் சொல்லப்படும். அடுத்த வருடமே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார்.

அந்த ஆரம்ப காலத்தில் குழந்தைகளை யாரும் ஒதுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. காலரா தண்ணீரில் பரவுகிறது என்று பிராட் ஸ்ட்ரீட் பம்பை வைத்துக் காட்டினாரே, அதே ஸ்னோதான். அவர் கைக்குழந்தைகளுக்கும் குளோரோஃபார்ம் கொடுத்திருக்கிறார். 1858-ல், அவர் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய நூலில் அந்த விவரங்கள் இருக்கின்றன. ஆக, குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணம் ஆதியிலிருந்து வந்த அறியாமை இல்லை. பிற்பாடு வந்து சேர்ந்தது.

எப்படி வந்தது? முதல் காரணம் பயம், அதுவும் நியாயமான பயம். 1848 ஜனவரியில் நியூகாசிலுக்குப் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோஃபார்மில் சில நிமிடங்களில் இறந்துபோனாள். பதினைந்து வயதுக்கே இப்படியென்றால் பச்சைக் குழந்தைக்கு?

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் சுமார் 90 மில்லிதான். நம்ம ஊர் டீக்கடை கிளாஸ் ஒன்றில் அடங்கிவிடும். பெரியவருக்கு ஒரு பொருட்டே இல்லாத, இரண்டு பஞ்சை நனைக்கிற ரத்தம், இங்கே உயிர் போகிற விஷயம். எடைக்கு எடை பார்த்தால் பச்சைக் குழந்தை பெரியவரைவிட இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கும். மூச்சு நின்றால் நீலம் பாரிக்க அதிக நேரம் ஆகாது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூடு வேகமாக இறங்கும். குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. கல்லீரலும் சிறுநீரகமும் முதிராததால் உள்ளே போன மருந்து வெளியேற நாழியாகும். அன்றைய மயக்க வாயுக்கள் இந்தக் குழந்தைகளின் ரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்கின. எனவே கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் வலுத்தது.

பயத்துக்குக் கிடைத்த சாட்சிகள்

பயம் மட்டும் இருந்திருந்தால், "வலிக்கும்தான், ஆனா வேற வழி இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு அறுவை செய்வது மனிதருக்கு லேசான காரியம் இல்லை. வலிக்காது என்று நம்பிவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதிக்கு அறிவியலிலிருந்து இரண்டு சாட்சிகள் கிடைத்தன.

ஒன்று, 1941-ல் அமெரிக்க உளவியலாளர் மர்டில் மெக்ரா செய்த ஆய்வு. பிறந்த குழந்தையிலிருந்து நான்கு வயது வரை 75 குழந்தைகளை ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். பிறந்து சில மணி நேரமோ சில நாட்களோ ஆன குழந்தைகள் சிலர் பெரிதாக எதிர்வினை காட்டவில்லை. இதை வைத்துப் புலன்கள் இன்னும் விழிக்கவில்லை என்ற முடிவு பரவியது. இரண்டாவது சாட்சி உடற்கூறு. பச்சைக் குழந்தையின் நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இன்னும் முழுதாகப் படியவில்லை, ஆகவே வலி மூளைக்குப் போகாது என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வளர்ந்த மனிதரிடமே வலியைச் சுமக்கும் நரம்பிழைகளில் ஒரு வகைக்கு மயலின் உறை கிடையாது. இன்னொரு வகைக்கு மெல்லிய உறைதான். உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், போகாமல் இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் குராரே வந்தது. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவிய விஷம். 1942 ஜனவரியில் மாண்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் அதை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். தசைகளைத் தளர்த்திவிடும், வயிற்றைத் திறப்பது சுலபமாகும். இங்கிலாந்தின் லிவர்பூலில் இதை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். அங்கிருந்த ஜாக்சன் ரீஸ் 1950-ல் பச்சைக் குழந்தைகளுக்கான மயக்கமுறை பற்றி எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, கூடவே குராரே, மூச்சுக்குக் கையால் அழுத்தும் பை. இந்த முறையால் பல குழந்தைகள் உயிர் பிழைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் குராரே வலியைத் தொடாது. இது அப்போதே தெரிந்த விஷயம். 1947-ல் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் தன் உடம்பிலேயே முழு அளவுக்கும் மேலாகக் குராரேயை ஏற்றிக்கொண்டு சோதித்தார். இமையைக்கூட அசைக்க முடியவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது, வலியும் தெரிந்தது. எழுந்த பிறகு அவர் அதைச் சொல்ல முடிந்தது. குழந்தையால் சொல்ல முடியாது.

அசையாத குழந்தையைப் பார்த்து, தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜெஃப்ரி லாசன்

1985 பிப்ரவரியில் அமெரிக்காவில் 26 வாரத்திலேயே பிறந்துவிட்டான் ஜெஃப்ரி லாசன். கருவில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு அது பல சமயம் மூடுவதில்லை. மார்பைத் திறந்து, விலா எலும்புகளை விலக்கி, அந்தக் குழாயைக் கட்டினார்கள். அறுவை ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஜெஃப்ரிக்குக் கொடுத்தது பான்குரோனியம் என்ற தசை முடக்கி மட்டும். மயக்க மருந்தும் இல்லை, வலி மருந்தும் இல்லை. ஐந்து வாரம் கழித்து அவன் இறந்துபோனான்.

அத்தனை குறைமாதத்தில் பிறந்தவன். அந்த அறுவைதான் உயிரைக் குடித்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவன் அம்மா ஜில் லாசன், மகன் இறந்த பிறகு கேஸ் ஷீட்டை வாங்கிப் படித்தபோதுதான் நடந்தது அவருக்குத் தெரிந்தது. விசாரித்தால், யாரும் தவறு செய்யவில்லை, இதுதான் வழக்கம் என்று பதில் வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வலி உண்டு என்று நிரூபணம் இல்லையாம். அவர் விடவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1986-ல் அவர் கடிதம் ஒரு மருத்துவ இதழில் வந்தது, நாளிதழ்கள் எழுதின, பெற்றோர்கள் கொதித்தார்கள்.

அழுகைக்குப் பதில் ரத்தம் பேசியது

இதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இளம் இந்திய மருத்துவர் இதே கேள்வியை வேறு பக்கமிருந்து பிடித்திருந்தார். பெயர் கன்வல்ஜீத் ஆனந்த். இந்தோரில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் போனவர். அறுவைக்கு அனுப்பும்போது நல்ல நிலையில் இருந்த குறைமாதக் குழந்தைகள் திரும்பி வரும்போது வெளிறிப்போய், நாடி தாறுமாறாக வருவதைக் கவனித்தார். தியேட்டருக்குள் என்ன நடக்கிறது?

குழந்தையால் சொல்ல முடியாது. முடக்கி வைத்திருப்பதால் அழவும் முடியாது. அதனால் அவர் ரத்தத்தைக் கேட்டார். 1987 ஜனவரியில் லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வு அளவில் ரொம்பச் சின்னது. மொத்தம் 16 குழந்தைகள், எல்லோருக்கும் ஜெஃப்ரிக்கு நடந்த அதே அறுவை. எட்டு பேருக்கு வழக்கமான நைட்ரஸ் ஆக்சைடும் குராரேயும். இன்னொரு எட்டு பேருக்கு அதோடு சேர்த்து கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலி மருந்து. அட்ரினலின், நார்அட்ரினலின், ஸ்டீராய்டு ஹார்மோன்கள், சர்க்கரை, லாக்டேட் எல்லாவற்றையும் அளந்தார்கள். ஃபென்டனில் இல்லாத குழந்தைகளின் ரத்தத்தில் இவை மிக அதிகமாக எகிறின. அறுவைக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: ஃபென்டனில் கிடைக்காத எட்டு குழந்தைகளுக்கு யாரும் புதிதாக எதையும் மறுக்கவில்லை. அன்றைய நடைமுறைப்படி எல்லாக் குழந்தைக்கும் கிடைத்ததுதான் அவர்களுக்கும் கிடைத்தது.

அதே 1987 செப்டம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிக்கை விட்டது: வயதை மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தை மறுக்கக் கூடாது, பெரியவர்களுக்கு என்ன மருத்துவ அளவுகோலோ அதேதான் இவர்களுக்கும். 1992-ல் ஆனந்தும் பால் ஹிக்கியும் இதய அறுவை செய்யப்பட்ட 45 பச்சைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். லேசான மயக்கம் பெற்ற 15 பேரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். சூஃபென்டனில் என்ற மருந்தால் ஆழ்ந்த மயக்கம் பெற்ற 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. எந்த பயத்தால் மருந்து கொடுக்காமல் இருந்தார்களோ, அந்தக் கணக்கே தலைகீழாக நின்றது.

இன்னொரு வேடிக்கை: பல மயக்க வாயுக்களுக்கு, சில மாதக் குழந்தைக்குத்தான் வாழ்நாளிலேயே அதிகச் செறிவு தேவைப்படுகிறது. ஒன்றுமே தேவையில்லை என்று சொன்ன வயதுக்குப் பக்கத்து வயது அது.

இதற்காக மயக்க மருந்து ஆபத்தே இல்லாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஹெர்னியா அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளான ஒற்றை மயக்கத்தால் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. இன்றைய கேள்வி எவ்வளவு, எத்தனை முறை, இப்போதே செய்ய வேண்டுமா என்பது. வலிக்குமா என்ற கேள்வி முடிந்துவிட்டது.

மறுமுனை

பிரிட்டனில் அறுவைக்குப் பின் நேரும் மரணங்களைத் தோண்டிப் பார்க்க ஒரு தேசிய விசாரணை அமைப்பு உண்டு. 1999-ல் அது வெளியிட்ட அறிக்கையின் தலைப்பைத் தமிழில் "வயதின் இரு விளிம்புகள்" எனலாம். குழந்தைகளையும் 90 வயது தாண்டியவர்களையும் ஒரே அட்டைக்குள் வைத்திருந்தார்கள். முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் உடம்பின் கையிருப்பு குறைவு, பிழைக்கு இடம் குறைவு, நோயாளியின் வாய்மொழியை நம்பி வைத்தியம் செய்ய முடியாது.

1955-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெட்ஃபோர்டு என்ற மருத்துவர் லான்செட்டில் எழுதினார். வயதானவர்களின் வீட்டார் ஒரே மாதிரிச் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் காதில் வாங்கிக்கொண்டதுதான் அதன் தொடக்கம்: ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் பழைய ஆளாக இல்லை. நம் வீடுகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். மகளும் மருமகளும் புலம்பலாகச் சொன்னதை ஒரு மருத்துவர் தரவாக எடுத்துக்கொண்டார். 1998-ல் 60 வயது கடந்த 1,218 பேரைப் பல நாடுகளில் சோதித்தபோது, பெரிய அறுவைக்கு ஒரு வாரம் கழித்து 25.8 சதவீதம் பேருக்கும், மூன்று மாதம் கழித்து 9.9 சதவீதம் பேருக்கும் நினைவாற்றலோ சிந்தனையோ மங்கியிருந்தது. புலம்பல் உண்மைதான்.

இதற்கு நெருங்கிய உறவு, அறுவைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும் திடீர்க் குழப்பம். மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். டியூபைப் பிடுங்குவது, இல்லாத ஆளோடு பேசுவது ஒரு வகை. இதை எல்லோரும் கவனிப்பார்கள். இன்னொரு வகையில் ஆள் சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருப்பார். "பாட்டி ரொம்ப சமத்து, தொந்தரவே இல்லை" என்று வார்டில் பாராட்டுகூடக் கிடைக்கும். லாக் காலி.

வலியில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2000-ல் நியூயார்க்கில் மாரிசனும் சியூவும் செய்த ஆய்வு சாட்சி. இடுப்பருகே தொடை எலும்பு முறிந்து வந்த முதியவர்கள். ஒரு பகுதியினர் தெளிவாகப் பேசக்கூடியவர்கள், இன்னொரு பகுதியினர் முற்றிய மறதி நோயில் இருந்தவர்கள். அதே எலும்பு, அதே முறிவு. மறதி நோயாளிகளுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து, மற்றவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஜெஃப்ரி இறந்து பதினைந்து வருடம் கழித்து, வயதின் மறுமுனையில் அதே கதை.

இரண்டு வைத்தியர் ஒரு கட்டில்

முதியவர்களுக்கு வழி காட்டிய வரலாறு கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறது. 1935-ல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம், பக்கத்து ஏழை விடுதியின் நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். 714 படுக்கைகள். வயசாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் வருடக்கணக்கில் படுக்கையில் போடப்பட்டவர்கள் பலர். ஒவ்வொருவராகச் சோதித்து, வகைப்படுத்தி, எழுப்பி நடக்க வைத்துப் பலரை வீட்டுக்கே அனுப்பினார்.

1950-களின் கடைசியில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊரில் எலும்பு அறுவை நிபுணர் மைக்கேல் டெவாஸும் முதியோர் மருத்துவர் இர்வினும் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் எலும்பைச் சரிசெய்வார். இன்னொருவர் நெஞ்சு, நீர்ச்சத்து, மருந்து, குழப்பம், நடை எல்லாவற்றையும் பார்ப்பார். சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவ அரை நூற்றாண்டு ஆனது.

இது பலன் தருமா? 2001-ல் மார்கன்டோனியோ குழுவினர் 65 வயது கடந்த, தொடை எலும்பு முறிந்த 126 பேரைப் பார்த்தார்கள். அறுவைக்கு முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ முதியோர் மருத்துவர் வந்து பார்த்து, தினமும் ஆலோசனை சொன்ன குழுவில் டெலிரியம் 32 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அவர் சொன்னதில் மாயமந்திரம் எதுவும் இல்லை: ஆக்சிஜன், நீர்ச்சத்து, போதுமான வலி மருந்து, தேவையில்லாத மருந்துகளை நிறுத்துவது, மலச்சிக்கலைக் கவனிப்பது, சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது, கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்துக் கொடுப்பது.

இங்கிலாந்து 2007-ல் இந்த முறிவுகளுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு தொடங்கியது. 2010-லிருந்து, 36 மணி நேரத்துக்குள் அறுவை, 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவர் பார்வை போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம். 2007-ல் 10.9 சதவீதமாக இருந்த முப்பது நாள் இறப்பு 2011-ல் 8.5 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு

நம் வீட்டில் யாரையாவது அறுவைக்கு அழைத்துப்போகும்போது இந்த வரலாறு என்ன உதவி செய்யும்? குழந்தை என்றால், மயக்கவியல் மருத்துவர் குழந்தைகளை வழக்கமாகப் பார்ப்பவரா என்று தயங்காமல் கேட்கலாம். மேலே சொன்ன பிரிட்டன் அமைப்பு 1989-க்கான தன் அறிக்கையில், எப்போதாவது ஒரு குழந்தையைத் தொடுகிற மருத்துவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. அறுவைக்குப் பிறகான வலிக்கு என்ன திட்டம் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். பெரியவர் என்றால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், கண்ணாடி, காது மெஷின், பல்செட் கையோடு போக வேண்டும். முன்பு எப்படி இருந்தார், கணக்கு வழக்கு பார்ப்பாரா, தனியாக நடப்பாரா என்பதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். "எங்க அம்மா வழக்கமா இப்படி இருக்க மாட்டாங்க" என்று வீட்டார் சொல்வது, ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சமமான தகவல்.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை மதிப்பிட 1997-ல் ஒரு அட்டவணை வந்தது. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். 2003-ல் முற்றிய மறதி நோயாளிகளுக்காக ஒரு அட்டவணை செய்தபோது, இந்தக் குழந்தை அட்டவணையையும் ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். மூச்சு, முனகல், முகம், உடல்மொழி. ஐந்தாவது வரி மட்டும் மாறவே இல்லை: தேற்றினால் தேறுகிறாரா? அந்த வரிக்கு மதிப்பெண் போட எந்த மெஷினாலும் முடியாது. ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், கையைப் பிடித்துத் தேற்றிப் பார்க்க வேண்டும்.